அக்காவின் இரண்டரை கிலோ

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மைசூரில் ஒரு சிறுநீரக மருத்துவர் என் அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாளை மேஜையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எத்தனை வருஷமா லித்தியம் சாப்பிடறாங்க?" என்று கன்னடத்தில் கேட்டார். அக்கா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களைப் பற்றிக் கூட வந்தவரிடம் கேட்பது நம் நாட்டில் பழகிப்போன விஷயம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள். "நாற்பத்திரண்டு வருஷம். ஒரு நாளைக்கு மூணு மாத்திரை. 1983லேர்ந்து."

மருத்துவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அக்காவின் சிறுநீரகங்கள் தேய்ந்துவருகின்றன என்றும், லித்தியத்தை இனிமேல் தொடர்வதா என்று மனநல மருத்துவரோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றும் அவளிடமே சொன்னார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஓய்வு பெற்ற ரசாயன வாத்தியாருக்கு மனசு சரியில்லை என்றால் வேறு என்ன தெரியும்? ஒரு மாத்திரையில் இருப்பது 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட். மூன்று மாத்திரைக்கு 900. அடம்பிடித்து நிறுத்திய மாதங்களையும் மருத்துவர்கள் நிறுத்திவைத்த வாரங்களையும் கழித்து நாற்பது வருடம் என்று வைத்துக்கொண்டால், அக்கா இதுவரை விழுங்கியது சுமார் 13 கிலோ. அதில் லித்தியம் என்ற உலோகத்தின் பங்கு நூற்றுக்கு 19கூடக் கிடையாது. ஆக, இரண்டரை கிலோ. ஒரு நடுத்தர மின்சாரக் காரின் பேட்டரிக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். ஒரு மனுஷியை நாற்பது வருடம் தரையில் கால் பாவி நிற்கவைக்க அரைக் காருக்கான லித்தியம் போதுமாக இருந்திருக்கிறது.

இந்த இரண்டரை கிலோ எங்கிருந்து வந்தது, எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்பதைத்தான் நான் பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் சொல்லவேண்டிய வேறொரு விஷயத்தைச் சொல்லாமல் தள்ளிப்போட அது ஒரு வழியாகவும் இருந்தது.

1983ல் அக்காவுக்கு 26 வயது. ஒரு வங்கியில் குமாஸ்தா. அந்த வருடம் பங்குனி மாதத்தில் அவள் நான்கு இரவுகள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் கடனுக்குப் பதினோரு பட்டுப் புடவைகள் வாங்கி வந்து, தெருவில் உள்ள பெண்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். பேச்சு நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே அக்கா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தலை வாரிவிடக்கூட அம்மாதான் வரவேண்டியிருந்தது. உறவினர்களிடம் 'டைபாய்டு' என்று சொன்னோம். அந்த டைபாய்டு எங்கள் வீட்டில் பல வருடம் இருந்தது.

மனநல மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்தின் பெயரைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். அப்போதுதான் நான் பள்ளியில் ரசாயனம் நடத்தச் சேர்ந்திருந்தேன். கரும்பலகையில் தினமும் எழுதுகிற பெயர். தனிம அட்டவணையில் மூன்றாவது. உலோகங்களிலேயே மிக லேசானது. தண்ணீரில் போட்டால் மிதந்தபடி வினைபுரியும். இதையா மாத்திரையாகத் தருகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். அவளுடைய ஒரு மாத்திரையை நசுக்கி, இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பிளாட்டினக் கம்பியில் தொட்டு பன்சன் அடுப்பின் நீலச் சுடரில் காட்டினேன். சுடர் செக்கச்செவேலென்று மாறியது. அக்கா இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது முறை, "இதையா நான் தினமும் மூணு வேளை முழுங்கறேன்?" என்று சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அந்தச் சிவப்பை 1818ல் முதலில் கவனித்தவர் கிறிஸ்டியன் க்மெலின் என்ற ஜெர்மானியர். அதற்கு முந்தைய வருடம், 1817ல், ஸ்டாக்ஹோமில் பெர்சீலியஸின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆர்ஃப்வெட்சன் என்ற இளைஞர், ஊட்டோ தீவிலிருந்து வந்த பெட்டலைட் என்ற கல்லைப் பகுத்துப் பார்த்தபோது எடைக் கணக்கு நேராக வரவில்லை. சோடியமும் இல்லை, பொட்டாசியமும் இல்லை, அதே குடும்பத்தைச் சேர்ந்த புதிய ஒன்று உள்ளே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கல்லிலிருந்து வந்ததால் கிரேக்க மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லை வைத்துப் பெயர் சூட்டினார்கள். ஆனால் ஆர்ஃப்வெட்சனால் உலோகத்தைத் தனியே எடுக்க முடியவில்லை. 1821ல் லண்டனில் வில்லியம் பிராண்ட் மின்சாரம் செலுத்திக் கொஞ்சம் எடுத்தார். கண்ணால் பார்த்துத் தொட்டுப் பரிசோதிக்கும் அளவுக்குக் கிடைத்தது 1855ல், பன்சனும் மத்தீசனும் உருகிய லித்தியம் குளோரைடில் மின்சாரம் செலுத்தியபோது.

லித்தியத்தின் கதை முழுவதிலும் இதே சிக்கல்தான். அது அபூர்வமானதல்ல. கடல் நீரில்கூட இருக்கிறது, பத்து லட்சத்தில் 0.17 பங்கு. உலகக் கடல்கள் அனைத்தையும் சேர்த்தால் இருபதாயிரம் கோடி டன்னுக்கு மேல். ஆனால் எங்கேயும் அது தனியாக இருப்பதில்லை. சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் என்ற பெரிய கூட்டுக் குடும்பத்தின் நடுவில், குணத்தில் அவர்களைப் போலவே, ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. அதை மட்டும் கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவதுதான் மனிதர்களுக்கு இருநூறு வருடமாகப் பெரும்பாடாக இருக்கிறது.

அக்கா மருந்து தொடங்கிய காலத்தில் உலகச் சந்தையின் லித்தியத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. வட கரோலினாவில் கல், நெவாடாவில் உப்புநீர். அவளுடைய முதல் மாத்திரைகள் கல்லிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். கல்லிலிருந்து எடுக்கும் முறையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

ஸ்பாடுமீன் என்ற கனிமம் பெக்மடைட் என்னும் கரடுமுரடான பாறையில் கிடைக்கிறது. இன்று உலகின் மிகப் பெரிய லித்தியக் கல் சுரங்கமான மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸில், 1888லிருந்து வெள்ளீயத்துக்காகத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். லித்தியத்துக்காகத் தோண்டத் தொடங்கியது 1980களில். பாறையை உடைத்து, பொடித்து, நுரையில் மிதக்கவிட்டு, ஸ்பாடுமீன் அதிகமுள்ள பொடியை முதலில் பிரிக்கிறார்கள். இந்தப் பொடி பிடிவாதமானது. சாதாரணமாக அமிலத்தில் போட்டால் அசையாது. ஆகவே அதைச் சுழலும் சூளையில் 1,050 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் அதன் படிக அமைப்பே மாறுகிறது. அரிசி பொரியாவதுபோலக் கால் பங்குக்கு மேல் விரிந்து, இளகி, நொறுங்கிவிடுகிறது. அதன் பிறகு அடர் கந்தக அமிலம் கலந்து 250 டிகிரியில் மறுபடி வறுத்தால், லித்தியம் கல்லைவிட்டு அமிலத்தோடு சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் விட்டால் லித்தியம் சல்பேட்டாகக் கரைந்து வரும். சுண்ணாம்பு சேர்த்து இரும்பையும் அலுமினியத்தையும் படியவைத்து நீக்குகிறார்கள். கடைசியில் சலவை சோடா. அப்போது வெள்ளையாகப் படிவதுதான் லித்தியம் கார்பனேட். அக்காவின் மாத்திரை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சர்க்கரையோ வெடியுப்போ சூடான நீரில் அதிகம் கரையும். லித்தியம் கார்பனேட் தலைகீழ். பனிக்கட்டி நீரில் 100 மில்லிக்கு ஒன்றரை கிராம் கரையும். கொதிக்கும் நீரில் முக்கால் கிராம்கூடக் கரையாது. அதனால் தொழிற்சாலையில் கரைசலைக் கிட்டத்தட்டக் கொதிநிலையில் வைத்துப் படியவைக்கிறார்கள், வெந்நீரில் கழுவுகிறார்கள். என் மாணவர்களுக்குப் பரீட்சையில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பாதிப் பேர் தவறாமல் தப்பாக எழுதுவார்கள்.

ஒன்றரை சதவீதம் லித்தியம் ஆக்சைடு உள்ள பாறை என்றால், வழியில் இழப்பதையும் சேர்த்து, அக்காவின் இரண்டரை கிலோவுக்கு அரை டன் பாறை உடைபட்டிருக்கும். ஒரு கட்டை வண்டி நிறைய.

இனி, 1991க்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது இதைத்தான்.

அந்த வருடம் மே மாதம் அக்காவுக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. ஊரில் பேர்பெற்ற ஒரு மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். சோதித்துவிட்டு, "வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?" என்று அவர் என்னைக் கேட்டார். அப்போது எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மருத்துவர் பெண் வீட்டாருக்குத் தூரத்து உறவு. ஒரு நொடிதான் யோசித்தேன். "இல்லை" என்றேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ஒன்றை எழுதினார். உப்பை அறவே விடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் எழுதினார். மறைத்தவன் நான்.

மூன்றாவது வாரம் அக்காவின் கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளர் பிடிக்க முடியவில்லை. பிறகு வாந்தி, நாக்குக் குழறல். குடித்தவளைப் போலத் தள்ளாடினாள். கோடை வெயில் என்று மோர் கொடுத்தோம், அதுவும் உப்பில்லாமல். மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது ரத்தத்தில் லித்தியம் 2.6. அவளுக்கு இருக்கவேண்டியது 0.6க்கும் 1.2க்கும் இடையில்.

ரசாயனம் படித்த எனக்கு அன்று அது ஏன் என்று தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிறுநீரகத்துக்கு லித்தியத்தையும் சோடியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் கிடைக்கிற சோடியத்தையெல்லாம் விடாமல் இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது லித்தியத்தையும் சோடியம் என்று நினைத்துச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வெளியே போகவேண்டியது போகாது. வழக்கமான மூன்று மாத்திரையே விஷமாகிவிடும். மருத்துவமனையில் அவளுக்குக் கொடுத்த முதல் வைத்தியம் நரம்பு வழியாக உப்பு நீர்.

உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருந்தது. 1949ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர், லித்தியம் உப்பால் மனக்கிளர்ச்சி அடங்குகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார். கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டபோது அவை சாதுவாகிவிட்டதைப் பார்த்து வந்த யோசனை அது. அதே 1949ல் அமெரிக்காவில், இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்றார்கள். உப்பை விட்டுவிட்ட நோயாளிகளுக்கு லித்தியம்! பலர் இறந்தார்கள். அதைத் தடை செய்தார்கள். ஜான் கேடின் முதல் நோயாளியே, குணமாகி வேலைக்குப் போனவர், 1950ல் லித்திய நச்சால் இறந்தார். அமெரிக்காவில் லித்தியம் மறுபடி மருந்தாக அனுமதி பெற 1970 ஆயிற்று. ரத்தத்தில் அளவு பார்க்கும் வசதி பரவியதுதான் அதைப் பாதுகாப்பாக்கியது.

அக்கா ஐந்து நாளில் வீடு திரும்பினாள். வரன் கைகூடியது. கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சீங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. அக்காவிடம் மட்டும் நான் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

1990களில் லித்தியம் வரும் வழி மாறியது. கல்லின் இடத்தை உப்பளம் பிடித்தது. சிலி நாட்டின் வடக்கே, கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டர் மேலே, அட்டகாமா உப்புப் பாலைவனம். மழை பெய்வது அபூர்வம். உப்பு மேலோட்டுக்கு அடியில் இருக்கும் நீரில் டன்னுக்கு ஒன்றரை கிலோ அளவு லித்தியம். அந்த நீரைக் குழாய் போட்டு இறைத்துப் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் விட்டுவிடுகிறார்கள். நம் உப்பளக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்றுதான். நமக்கு முதலில் படியும் உப்பு வேண்டும். அவர்களுக்கு வேண்டியது கடைசிவரை படியாமல் இருக்கிற நீர்.

முதல் பாத்தியில் சாதாரண உப்பு படியும். அடுத்ததில் பொட்டாசியம் உப்பு. அப்புறம் மக்னீசியம் கலந்தவை. லித்தியம் குளோரைடு எளிதில் படியாது. பந்தியில் எல்லோரும் எழுந்து போன பிறகும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல அது நீரிலேயே இருக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்துக் கடைசிப் பாத்தியில் மஞ்சளும் பச்சையுமாக, எண்ணெய்போல ஒரு திரவம். அதில் லித்தியம் ஆறு சதவீதம். அதை லாரியில் ஏற்றி அன்டோஃபகஸ்டா அருகே உள்ள தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், போரானையும் மிச்சமிருக்கும் மக்னீசியத்தையும் நீக்கி, அதே சலவை சோடாவைச் சேர்க்கிறார்கள். அதே வெள்ளைப் பொடி.

சூளை இல்லை, நிலக்கரி இல்லை. வேலை செய்வது சூரியன். ஆகவே மலிவு. 1990களின் இரண்டாம் பாதியில் சிலியின் உற்பத்தி பெருகியதும் உலக விலை சரிந்தது. கல்லை உடைத்துக்கொண்டிருந்த பல இடங்கள் கடையை மூடின.

ஆனால் எல்லா உப்பு நீரும் இவ்வளவு நல்ல பிள்ளை அல்ல. பொலிவியாவின் உயுனி உப்புவெளி பத்தாயிரம் சதுர கிலோமீட்டர். அதற்கடியில் உள்ள லித்தியமும் ஏராளம். ஆனால் அங்கே ஒரு பங்கு லித்தியத்துக்குச் சுமார் இருபது பங்கு மக்னீசியம். அயனி அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அவற்றைப் பிரிப்பதற்குள் செலவு கைமீறிவிடுகிறது. பல வருட அரசு முயற்சிக்குப் பிறகும் அட்டகாமாவின் பக்கத்தில்கூட உயுனி வர முடியவில்லை.

அட்டகாமாவிலும் விலை இல்லாமல் இல்லை. அக்காவின் இரண்டரை கிலோவுக்கு, பாத்திகளில் இழப்பதைச் சேர்த்தால், மூன்று டன்னுக்கு மேல் உப்பு நீர் ஆவியாகியிருக்க வேண்டும். அது குடிக்கும் நீர் அல்ல என்பது நிறுவனங்களின் வாதம். ஆனால் பாலைவனத்தின் ஓரங்களில் நல்ல நீர் இருக்கிறது. அதை நம்பி லிக்கன் அன்டாய் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள், ஏரிகளில் பூநாரைகள் மேய்கின்றன. அடியில் உள்ள உப்பு நீரை இறைத்தால் ஓரத்து நல்ல நீர் என்ன ஆகும் என்பது அவர்களுடைய கேள்வி. 2022ல் வெளியான ஓர் ஆய்வு, அட்டகாமாவில் லித்தியம் எடுப்பது பெருகிய 11 வருடத்தில் இரண்டு வகைப் பூநாரைகள் அங்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டன என்றது.

அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "என் ஒருத்திக்காகவா எடுத்தாங்க?" என்றாள். இல்லைதான். 1991ல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்கா மருத்துவமனையில் கிடந்த அதே வருடம். 2024ல் உலகம் வெட்டியும் இறைத்தும் எடுத்த லித்தியம் 2 லட்சம் டன்னுக்கு மேல். பத்தில் எட்டு பங்குக்கும் அதிகமாகப் பேட்டரிக்குப் போகிறது. மருந்துக்குப் போவது கைப்பிடி. "இருந்தாலும்..." என்றாள் அக்கா. வாக்கியத்தை முடிக்கவில்லை.

நம் நாட்டின் கதைக்கு வருவோம். 2021ல் எங்களுக்குப் பக்கத்து மாவட்டமே செய்தியில் அடிபட்டது. மண்டியா மாவட்டம் மர்லகல்லா - அல்லாபட்டணா பகுதியில் பெக்மடைட் பாறைகளில் 1,600 டன் லித்தியம் இருக்கலாம் என்று அணுக் கனிமத் துறையின் ஆய்வு காட்டியதாக அரசு அறிவித்தது. கொரோனா ஓய்ந்ததும் ஒரு வாடகைக் காரில் அக்காவும் நானும் அந்தப் பக்கம் போனோம். பார்க்க ஒன்றுமில்லை. முள்ளும் கல்லும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் அக்கா விசாரித்தாள். ஆட்கள் வந்தார்கள், குழி போட்டார்கள், கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள் என்றார். "என்ன கல்லாம்?" என்று அவர் அக்காவைக் கேட்டார். அவள் தன் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். "இந்தக் கல்" என்றாள். அவர் நம்பவில்லை.

திரும்பும் வழியில் 1,600 டன் எத்தனை பேருக்குக் காணும் என்று கேட்டாள். அவளைப் போல ஆறு லட்சம் பேருக்கு ஆயுசு முழுக்கக் காணும் என்றேன். கார் என்றால்? மூன்று லட்சம் கார். நாட்டில் ஒரு வருடத்தில் விற்கும் கார்களில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட வராது.

2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில், சலால் - ஹைமனா பகுதியில், 59 லட்சம் டன் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்தபோது தொலைக்காட்சிகள் துள்ளின. 'வெள்ளைத் தங்கம்' என்றார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்பில் 'ஊகிக்கப்பட்ட வளம்' என்ற சொல்லும் இருந்தது. நிலத்தடியில் இருக்கிறது என்று மதிப்பிடுவது வேறு, லாபத்தோடு எடுக்க முடியும் என்பது வேறு. தவிர, ரியாசியில் லித்தியம் இருப்பது கிரீன்புஷஸ் மாதிரி ஸ்பாடுமீனில் அல்ல. பாக்சைட்டோடு சேர்ந்த களிமண் பாறையில். களிமண்ணிலிருந்து பெரிய அளவில் லித்தியம் எடுத்த அனுபவம் உலகத்துக்கே குறைவு. அதே வருடம் ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி, அணுக் கனிமப் பட்டியலில் இருந்த லித்தியத்தைத் தனியாரும் எடுக்கலாம் என்றாக்கினார்கள். ரியாசியை ஏலத்துக்கு விட்டார்கள். போதிய ஆட்கள் வராமல் 2024 மார்ச்சில் ஏலம் ரத்தானது. சத்தீஸ்கரின் கட்கோரா அந்த வருடம் ஏலம் போயிற்று. அதற்குள் மத்திய அரசின் காபில் நிறுவனம் 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்கா மாநிலத்தில் ஐந்து உப்பு நீர் வட்டாரங்களில் தேட ஒப்பந்தம் போட்டுவிட்டது. வீட்டில் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியூரிலும் சொல்லிவைப்பது புத்திசாலித்தனம்தான்.

அதே கட்டமார்காவில் 'செத்த மனிதன்' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓம்ப்ரே முவேர்த்தோ உப்புவெளியில் 1990களின் கடைசியிலிருந்து வேறொரு முறை நடக்கிறது. உப்பு நீரை அலுமினிய ஹைட்ராக்சைடு மணிகள் நிரம்பிய கலங்களின் வழியே செலுத்துவார்கள். அந்த மணிகளின் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் மட்டும் நுழையுமளவுக்கு இடம் இருக்கிறது. சோடியமும் மக்னீசியமும் வெளியே நிற்கும். பிறகு நல்ல நீர் விட்டுக் கழுவினால் லித்தியம் இறங்கிவரும். ஒன்றரை வருட வேலை சில மணி நேரத்தில். மிச்ச உப்பு நீரைப் பூமிக்குள்ளேயே திருப்பிவிடலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. கழுவுவதற்கு நல்ல நீர் வேண்டும் என்பது இதன் வில்லங்கம். பாலைவனத்தில் அதுதானே இல்லை. இன்று உலகெங்கும் இந்த முறையின் புதுப் புது வடிவங்களைச் சோதிக்கிறார்கள். ரைன் நதிப் பள்ளத்தாக்கிலும் கலிபோர்னியாவின் சால்டன் கடலோரத்திலும், பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில் மின்சாரமும் எடுத்து, லித்தியத்தையும் எடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

லித்தியத்தை மட்டும் அடையாளம் கண்டு மற்றதை விட்டுவிடும் பொருள். மனிதன் அதைக் கலத்தில் செய்துவிட்டான். அக்காவின் சிறுநீரகத்துக்கு அந்த வித்தை தெரியவில்லை. நாற்பது வருடமாகச் சோடியம் என்று நினைத்து இழுத்து இழுத்துத் தேய்ந்துபோயிற்று. 1991ன் அந்த மூன்று வாரத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்று சிறுநீரக மருத்துவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது சார்" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவிடம் சொன்னேன். "அக்கா, 91ல அந்த டாக்டர் கேட்டப்போ நான் இல்லைன்னு சொன்னேன்."

அவள் தட்டை எடுத்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "தெரியும்டா. எனக்கும் வாய் இருந்தது. உன் கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு நானும்தான் பேசாம இருந்தேன்." கொஞ்சம் பொறுத்து, "அதனாலதான் செவ்வாய்க்கிழமை நான் முந்திக்கிட்டுச் சொன்னேன்" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் நான் சுமந்ததை அவளும் சுமந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாக.

மனநல மருத்துவர் அவசரப்படவில்லை. திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் பாய்ந்து வரலாம். அதனால் படிப்படியாகக் குறைத்து, வேறு மருந்தை மெல்ல ஏற்றிப் பார்க்கலாம் என்றார். அக்கா நிறையக் கேள்வி கேட்டாள். தூக்கம் எத்தனை மணி நேரத்துக்குக் கீழே போனால் உடனே வரவேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டாள். புடவைக் கடைக்கு இந்த ஆறு மாதம் தனியாகப் போகமாட்டேன் என்று அவளாகவே சொன்னபோது மருத்துவரும் சிரித்துவிட்டார். இப்போது மூன்று இரண்டாகியிருக்கிறது. பயம் இருக்கிறது, அவளுக்கும் எங்களுக்கும்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "பேரு போடாதே. மத்ததெல்லாம் போடு. லித்தியம் சாப்பிடறவங்க உப்பை விட்டுடக் கூடாது, வேற டாக்டர்கிட்ட போனா மறைக்கக் கூடாதுன்னு மறக்காம போடு" என்றாள். போட்டுவிட்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனை பதினான்காம் தேதி. இருவரும் போவோம். கேள்வி யாரைப் பார்த்து வந்தாலும் பதில் அவள் சொல்வாள்.